ஷீட்டின் மேல் காய்ந்த கப்பை

மூன்று நிமிடம் பேசினால் போதும் என்றார்கள். போனை ஒரு கம்பியில் நட்டு வைத்து, அதன் முன்னால் நின்று, வெயிலில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துக் களையைக் கொல்லும் முறையைச் சொல்ல வேண்டுமாம். எங்கள் வேளாண் ஆபீஸான கிருஷிபவனில் இப்போது எல்லாம் அப்படித்தான். வேளாண் உதவியாளர் வரப்பேறி வருவதற்கு முன்பே வீடியோ விவசாயியின் கைக்கு வந்துவிடுகிறது. என் இடத்தில் இன்று வேலை பார்க்கும் பெண் நல்லவள். "ஜமீலாத்தா, உங்களுக்கு இதுல நல்ல பழக்கம் உண்டல்லோ. ஷீட்டு, ஈரம், நாப்பது நாளு. அத்ர மதி" என்று சிரித்தாள். அவ்வளவு போதும் என்று அர்த்தம்.

பேசினேன். மூன்று நிமிடத்துக்குள் முடித்தும் விட்டேன். கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்திருக்கிறேன் என்று உறுத்தத் தொடங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சர்வீஸ் முழுக்க நான் எழுதியது மலையாளத்தில். இது தமிழில் வருகிறது, ஏனென்றால் தப்பை ஒப்புக்கொள்ள வீட்டு மொழிதான் எனக்கு வசதி.

மட்டாஞ்சேரிக்காரிக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உறவில் கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் அரிசி சாக்கில் விளையும், மிளகும் சாக்கில் விளையும். என் அத்தா, அப்பாவைத்தான் சொல்கிறேன், ஒரு சுக்குப் பண்டகசாலையில் முற்றத்து வேலை பார்த்தார். லாரியில் வந்து இறங்கும் இஞ்சியைச் சிமென்ட் முற்றத்தில் பரப்பிப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பது அவர் வேலை. "வெயிலுக்குக் கூலி வேண்டாம் மோளே, ஆனா அது நெழல்ல வேலை செய்யாது" என்பார். பரப்பும்போது ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் அடியில் இருப்பது பூசணம் பிடிக்கும். எனக்கு இது ஏழு வயதில் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் மறந்து போனது. இந்தக் கதை முழுவதும் அந்த மறதிதான்.

டிப்ளமோ இரண்டு வருடம், மலையில் ஏலக்காய்க் காட்டில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு சில வருடம், குட்டநாட்டில் வள்ளத்தில் சில வருடம். பிறகு கொச்சிக்கே மாற்றல் கிடைத்து, பள்ளுருத்திப் பக்கத்துச் சின்னச் சின்ன நிலங்களைப் பார்க்கும் வேலை வந்தது. பத்து சென்ட், இருபது சென்ட், குளக்கரையில் ஒரு துண்டு, பள்ளிவாசல் பின்னால் ஒரு துண்டு. மருந்து தெளிக்காமல் காய்கறி போட வேண்டும் என்று பலருக்கும் ஆசை வந்த காலம் அது. ஆசைக்குக் குறுக்கே நின்றது பூச்சியல்ல, களை. கோரையும் சாரணையும் முள்ளுக்கீரையும் ஒரு மழைக்கு மூன்று தலைமுறை பெற்றுத் தள்ளிவிடும்.

வெயிலைக் கொண்டு களையைக் கொல்லலாம் என்று ஒரு பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து, நானாகவே முதலில் ஒரு முறை செய்து பார்த்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். ஷீட் என்றதும் மட்டாஞ்சேரிக்காரிக்கு என்ன தோன்றும்? பண்டகசாலைத் தார்ப்பாய். பழைய நீலத் தார்ப்பாய் இரண்டை இரவல் வாங்கி ஒரு விவசாயியின் நிலத்தில் விரித்தேன். ஒரு மாதம் கழித்துத் தூக்கினால், கோரை வெளுத்துப்போய்ப் படுத்திருந்தது, அவ்வளவுதான். நாலே நாளில் பச்சையாக எழுந்து நின்றது. ஷீட் கண்ணாடிபோல இருக்க வேண்டும், வெயில் அதைத் தாண்டி மண்ணுக்குள் போய்ச் சூடாகி வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதே எனக்கு அப்போது சரியாக உறைக்கவில்லை. அந்த விவசாயி வெகுநாள் என்னைத் "தார்ப்பாய் மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதன் பிறகுதான் லின்சி மேடம் வந்தார். வேளாண் அதிகாரி. மலைப்பக்கத்துக்காரி. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர், என் மேலதிகாரி. முதல் நாள் பார்த்தபோது யாரோ கல்லூரிப் பெண் விதை வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "வரிசையில நில்லு மோளே" என்று சொல்லிவிட்டேன். பேசாமல் வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் நியமன உத்தரவை என்னிடம் நீட்டினார்.

அவர் பேசியது எல்லாம் மலையாளம். இங்கே தமிழாக்கித் தருகிறேன். அதிகம் பேசமாட்டார். "களை வராது" என்று ஒருபோதும் சொல்லமாட்டார், "குறையும்" என்பார். கைப்பையில் ஒரு எவர்சில்வர் கரண்டி இருக்கும், மண் தோண்ட. மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மண்சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்கும். மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கி, விரலைத் திறந்து, உருண்டையைக் கட்டை விரலால் மெல்லத் தட்டுவார். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் பற்றவில்லை. அப்படியே நின்றுவிட்டுத் தயங்கித் தயங்கி உடைந்தால் சரி. வேலை முடியாமல் யார் வீட்டிலும் சாயா குடிக்கமாட்டார்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தந்த பழக்கம் ஒன்று உண்டு. நிலத்துக்குப் புறப்படும் முன் செய்முறையை நம்மையே வரிசையாகச் சொல்லச் சொல்வார். நடுவில் "பிறகு வழக்கம்போல" என்று நாம் சொல்லிவிட்டால், "வழக்கம் என்றால் என்ன?" என்று கேட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பார். இருபத்தெட்டு வருட சர்வீஸ்காரி வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் பார்த்து ஆபீசே சிரிக்கும். ஆனால் அந்த வாய்ப்பாடு இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

மண்ணைக் கொத்திக் கட்டி இல்லாமல் உடைக்க வேண்டும். எங்கள் மண்ணில் கிளிஞ்சல் துண்டுகள் அதிகம், ஒவ்வொன்றையும் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷீட்டை அடியிலிருந்து குத்தும். கோரைக் கிழங்குகளைக் கையாலேயே எடுக்க வேண்டும், ஏனென்றால் அவற்றை வெயிலால் முழுக்கக் கொல்ல முடியாது. பாத்திகளை விதைக்கத் தயாராக இப்போதே கட்டிவிட வேண்டும், ஷீட்டை எடுத்த பிறகு மண்ணைக் கிளறக் கூடாது. கிளறினால் சூடு எட்டாத ஆழத்தில் தூங்கும் விதைகளை நாமே மேலே கொண்டுவந்து விடுவோம். மணல் கலந்த மண் தண்ணீரை நிறுத்தாது, அதனால் முந்தின மாலை ஒரு முறையும் அன்று காலை ஒரு முறையும் நனைக்க வேண்டும். ஈரமுள்ள விதைதான் வேகும், காய்ந்த விதை தாங்கிக்கொள்ளும். கடல்காற்று எழும் முன்பே ஷீட்டை விரித்து, மண்ணோடு ஒட்ட இழுத்து, சுற்றிலும் ஒரு சாண் பள்ளம் வெட்டி ஓரங்களைப் புதைத்து மிதிக்க வேண்டும். உள்ளே காற்று உப்பி நிற்கக் கூடாது. ஷீட்டின் உள்பக்கம் மறுநாள் நீர்த்துளி கோத்து நிற்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்துக் காக்காய் கொத்தும். ஓட்டை விழுந்தால் அன்றே டேப் ஒட்ட வேண்டும். கும்ப மாதம், அதாவது மாசி, பாதியில் விரித்து நாற்பது நாள்.

மேடம் இதோடு நிறுத்தமாட்டார். ஒவ்வொரு ஷீட்டின் மூலையிலும் மார்க்கர் பேனாவால் "பாத்தி 3, வடக்கு" என்று எழுதுவார். "மேடம், ஷீட்டுக்குப் பேர் வைக்கிறீங்களே, காதும் குத்தலாமே" என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்காமல் அடுத்ததில் "பாத்தி 4, வடக்கு" என்று எழுதினார்.

நாங்கள் முதன்முதலில் முறையாகச் செய்து காட்டத் தேர்ந்தெடுத்தது தங்கவேல் அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த இருபது சென்ட். அவர் கார்ப்பரேஷன் பம்ப் ஹவுஸில் பகல் டூட்டி. அவர் அப்பா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து பள்ளுருத்தியில் தங்கிவிட்ட குடும்பம். உண்மையில் நிலத்தைப் பார்த்தது அவர் மனைவி வசந்தா. கீரை, தட்டைப்பயறு, வெண்டை. எல்லாக் களையையும் குந்தி உட்கார்ந்து கையால் பிடுங்கியே அவளுடைய வலது முட்டு தேய்ந்துபோனது. இனிக் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர்களோடு இன்னும் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழுவாக இருந்தார்கள். ஐந்து பேரும் ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து, மருந்து தெளிக்கவில்லை என்று கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர் தெளித்தால் ஐந்து பேருடைய காய்கறிக்கும் அந்தப் பெயர் போய்விடும். ஆக, களை குறைந்தால் வசந்தாவின் முட்டு பிழைக்கும், நிலமும் இருக்கும். குறையாவிட்டால் ஒன்று நிலத்தை விட வேண்டும், இல்லையென்றால் களைக்கொல்லி தெளித்துக் குழுவை விட வேண்டும். மற்ற நாலு குடும்பமும் இந்த நிலத்தில் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டுப் பாத்தி, எட்டு ஷீட். விரித்த பத்தாம் நாள் மேடம் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனார். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில். நான் போன அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஷீட்டின் மேல் கை வைத்தேன், வைத்த கையை உடனே எடுத்தேன். சந்தோஷமாக இருந்தது. அப்போது வசந்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஜமீலாத்தா, ஒரு காரியம் கேக்கட்டா? கப்பை அவிச்சு வெச்சிருக்கேன், ஒணக்கறதுக்கு. டெரஸ்ல போட்டா காக்கா சல்லியம், ஏறி ஏறி வெரட்ட முட்டு விடாது. இந்த ஷீட்டு நல்ல சுத்தமா, சூடா கெடக்கே. இதுமேல போட்டா கொழப்பம் உண்டா?"

கப்பையை, அதாவது மரவள்ளிக் கிழங்கைச் சீவி, அரை வேக்காடு அவித்து, வெயிலில் உலர்த்தி வைத்தால் மழைக்காலம் முழுக்க ஆகும். எங்கள் பக்கத்தில் மீன மாதத்து, அதாவது பங்குனி வெயிலில் ஒரு சுத்தமான பரப்பைச் சும்மா விட்டுவைக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. கப்பை, மீன், மல்லி, பப்படம், எதையாவது கொண்டுவந்து பரப்பிவிடுவோம். வசந்தா கேட்கவாவது கேட்டாள்.

நான் ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வாயில் வந்துவிட்டது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. "ஒரு கொழப்பமும் இல்ல. வெயிலு ஒண்ணு, வேலை ரெண்டு! கீழ களை வேகட்டும், மேல கப்பை காயட்டும்" என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் தந்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

அவள் தன் வீட்டுக் கப்பையைக் காயவைத்தாள். அது சீக்கிரம் காய்ந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் கொண்டுவந்தார்கள். பத்து நாள், அந்த வருடத்தின் நல்ல வெயில் முழுவதும், நடு மூன்று பாத்திகளின் ஷீட் மேல் பாய் விரித்ததுபோலக் கப்பை கிடந்தது. தங்கவேல் அண்ணன் காலை ஏழு மணிக்கு டூட்டிக்குப் போனால் ஐந்துக்குத்தான் வருவார், அதற்குள் அவள் வாரிவிடுவாள். அதன் பிறகு கோடை மழை இரண்டு முறை பெய்தது. வானம் மூடியே கிடந்தது.

நாற்பதாம் நாள் ஷீட்டை எடுத்து, தூசியோடு மடித்துக் கொட்டகையில் வைத்தோம். மண்ணைக் கிளறாமல் கீரையும் வெண்டையும் விதைத்தோம். இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை தங்கவேல் அண்ணன் போன் செய்தார். "ஒண்ணு வந்து பாருங்க" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

அன்றே மேடமும் நானும் போனோம்; அவர் அரை நாள் லீவு போட்டு நின்றிருந்தார். ஐந்து பாத்திகள் சுத்தமாக இருந்தன. அங்கங்கே கோரை ஊசி நீட்டியிருந்தது, அதை முன்பே எதிர்பார்த்தோம். ஆனால் நடு மூன்று பாத்திகளில் சாரணையும் முள்ளுக்கீரையும் அடைசலாக முளைத்திருந்தன. பாத்தி முழுக்க அல்ல, ஒவ்வொன்றிலும் நாலு மூலையும் தெளிவாகத் தெரியும் கட்டங்களாக. விதைத்த கீரை எது, களை எது என்று தெரியவில்லை.

"பாருங்க, இதான் உங்க வெயில் வைத்தியம்" என்றார் தங்கவேல் அண்ணன். "இவளால குந்த முடியாது. ஞான் டூட்டிக்கு போகணும். சனியாழ்ச்ச எனக்கு லீவு. அன்னிக்கு மருந்தடிச்சிடறேன். குரூப்புல எங்க பேரை வெட்டிக்கோங்க."

மேடம் கரண்டியை எடுத்தார். கட்டத்துக்கு வெளியே ஒரு கரண்டி மண், உள்ளே ஒரு கரண்டி மண் எடுத்துப் பார்த்தார். பிறகு கொட்டகையிலிருந்து ஷீட்களைக் கொண்டுவரச் சொன்னார். மூலையில் எழுதியிருந்ததைப் படித்து, மூன்றாம் பாத்தியின் ஷீட்டை எடுத்து, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, சூரியனுக்கு எதிரே தூக்கினார். ஷீட் கண்ணாடியாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் பால் படிந்ததுபோல வெள்ளைக் கட்டங்கள். அவித்த கப்பையின் கஞ்சி காய்ந்து பிடித்த கறை. கப்பை கிடந்த பத்து நாள் நிழல், வாரிய பிறகும் அந்தக் கறை வழியே அரை வெயில். ஷீட்டின் கறையும் தரையின் களையும் கட்டத்துக்குக் கட்டம் பொருந்தின. ஷீட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது.

"இதன் மேல் என்ன வைத்தீர்கள்?" என்று கேட்டார் மேடம்.

வசந்தா என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மேடத்திடம் திரும்பி, "நான்தான் கப்பை ஒணக்கினேன் மேடம்" என்றாள்.

தங்கவேல் அண்ணன் வெடித்தார். "எடி, புத்தி இருக்கா உனக்கு? உன் முட்டுக்காகத்தானே இவ்வளவும் பண்ணினது! நாலு சொளை கப்பைக்காக எல்லாத்தையும் தொலைச்சியே!" மற்ற குடும்பங்களிலிருந்து வந்த இருவரும் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்தா தலையைக் குனிந்துகொண்டு சேலை நுனியை விரலில் சுற்றினாள். ஜமீலாத்தாவைக் கேட்டுத்தான் போட்டேன் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பயமா? ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது, யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. கௌரவம்தான். ஜமீலாத்தா சொன்னால் தப்பாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தார்ப்பாய் மேடம் என்ற பேரை அழித்து அந்தப் பேச்சை வாங்க எனக்குப் பல வருடம் ஆனது. அதை ஒரு சின்ன வயது அதிகாரியின் முன்னால், வரப்பில் நாலு பேர் பார்க்க, கீழே போட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக முட்டு தேய்ந்த ஒரு பெண்ணை ஏச்சு வாங்க விட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அன்றும் மறுநாளும் ஆபீஸில் உட்கார்ந்து விதைப் பதிவேட்டைத் தப்பும் தவறுமாக எழுதினேன். தொழுகையில் நின்றால் ஓதியதே மறந்துபோனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி நான் எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன்! சனிக்கிழமை காலை மேடம் வந்ததும் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"மேடம், கப்பை போடலாமா என்று வசந்தா என்னிடம் கேட்டாள். போடச் சொன்னது நான்."

திட்டுவார், இல்லை பரவாயில்லை என்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. நோட்டை எடுத்தார். "என்றைக்கு? என்ன வார்த்தை சொன்னீர்கள்?" என்று கேட்டார். வெயிலு ஒண்ணு, வேலை ரெண்டு என்று நான் சொன்னதை, அந்த வேடிக்கைப் பேச்சை, ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் தந்ததில்லை. பிறகு பேனாவை மூடினார்.

"என்னிடம் சொன்னது சரி. அவர்களிடம் சொன்னீர்களா?"

"இல்லை."

"இப்போது ஒன்பதே முக்காலுக்குப் பள்ளுருத்தி பஸ் இருக்கிறது" என்றார்.

நான் போனபோது தங்கவேல் அண்ணன் முதுகில் மாட்டும் தெளிப்பானைத் தொட்டியடியில் வைத்து, குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூடி திறக்காத குப்பி. வசந்தா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, தண்ணிய நிறுத்துங்க" என்றேன். "கப்பைய ஷீட்டு மேல போடச் சொன்னது நான். அவ கேட்டா, நான் சரின்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "அப்போ அன்னிக்கு மேடம் முன்னால ஏன் வாய் தொறக்கல?"

"என் கௌரவம் போகும்னு தொறக்கல."

"நான் பேசின பேச்சுல இந்த வீட்டுல ரெண்டு நாளா யாருக்கும் சோறு எறங்கல ஜமீலாத்தா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"தெரியும். களை வெயிலால வரல, என்னால வந்தது. மத்த அஞ்சு பாத்தியப் பாருங்க. எனக்கு ஆறு நாள் தாங்க. ஆபீசுக்கு முன்னாடி காலைல வந்து நானே எடுத்துத் தர்றேன். அதுவரைக்கும் குப்பிய தொறக்காதீங்க."

அவர் குழாயை மூடினார். தெளிப்பானைக் கவிழ்த்துத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினார். பிறகு உள்ளே போய்த் தானே சாயா போட்டுக் கொண்டுவந்தார். முதல் கிளாஸை வசந்தாவின் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸில் போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். மண்ணைக் கிளறக் கூடாது என்பதால் களைக்கொத்து பயன்படாது. மீன் நறுக்கும் சின்னக் கத்தியை வைத்துக் களையை ஒவ்வொன்றாக மண் மட்டத்தில் அறுக்க வேண்டும், கீரை நாற்றில் கத்தி படாமல். முதல் நாள் ஒரு கட்டத்தில் பாதிகூட முடியவில்லை. எழுந்தபோது என் முட்டு இரண்டும் சொன்னதைக் கேட்கவில்லை, வரப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வருடக்கணக்காக "களையைக் கையால் எடுங்கள்" என்று எத்தனை பெண்களிடம் நின்றபடியே சொல்லியிருக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் டூட்டிக்குப் போகும் முன் தங்கவேல் அண்ணனும் ஒரு மணி நேரம் கத்தியோடு உட்கார்ந்தார். நாலாம் நாள் மேடம் வந்தார், கரண்டியோடு. அவர் வந்து பாத்தி ஓரத்தில் குந்தியதைப் பார்த்துக் குழுவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். குப்பி திறக்கப்படவில்லை. அதைத் தங்கவேல் அண்ணன் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் கும்பத்தில் ஐந்து நிலத்திலும் ஷீட் விரித்தோம். மேடத்தின் வாய்ப்பாட்டில் ஒரு வரி கூடியிருந்தது: ஷீட்டின் மேல் எதுவும் வைக்கக் கூடாது, கப்பையும். அந்த வரியை ஒப்பிக்கும் முறை எனக்கு வரும்போதெல்லாம் மேடம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். மீனத்தில் நான் ஓய்வு பெற்றேன். இப்போது எடுத்த வீடியோவில் அந்த வரியைச் சொன்னேன். அது எப்படி வந்தது என்று சொல்லவில்லை. நாளை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மறுபடி எடுக்கச் சொல்லப் போகிறேன், மூன்று நிமிடம் போதாது என்று.

ஒன்று மட்டும் பாக்கி. ஆறாம் நாள் காலை, கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வசந்தா பாத்தி ஓரத்தில் ஸ்டூல் போட்டு, நான் அறுத்துப் போட்ட களையைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் கேட்கத் தைரியமில்லாததை அன்று கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் என் பேரைச் சொல்லல வசந்தா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

அவள் கூடையிலிருந்த களையை அழுத்திவிட்டாள். யோசித்துத்தான் சொன்னாள். "ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன் ஜமீலாத்தா. நீங்க வந்தா ஸ்டூல் போடுவேன், மோரு தருவேன். நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவேன். ஆனா அப்புறம் ஒரு காரியமும் உங்ககிட்ட கேட்டிருக்க மாட்டேன்."

அந்தக் கட்டத்தில் இன்னும் கால்பங்கு மீதி இருந்தது. கத்தியைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த சாரணைக்கு நகர்ந்தேன்.